அந்தப் பாட்டில் அவன் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை

கேள்வி: கெட்டவன் என்று தெரிந்தும் உங்களை மயக்கிய கதை வில்லன் யார்? அவனிடம் அப்படி என்ன இருக்கிறது?

எனக்கு ‘மந்திரி குமாரி’ பார்த்திபன்தான். 1950-இல் எங்கள் ஊர் சேலத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த படம். ஸ்டுடியோ போய்விட்டது, ஏற்காடு சாலையில் அதன் வாசல் வளைவு மட்டும் நிற்கிறது. அதைத் தாண்டித்தான் தினமும் வேலைக்குப் போகிறேன். ஆகவே இதில் கொஞ்சம் ஊர்ப்பாசம் கலந்திருக்கும், கழித்துக்கொள்ளுங்கள்.

படம் பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாக: பார்த்திபன் ராஜகுருவின் மகன். தளபதிப் பதவி கைக்கு வராத ஆத்திரத்தில் கொள்ளைக்காரன் ஆனவன், அதையும் ஒரு கலை என்று வாதாடுகிறவன். மந்திரியின் மகள் அமுதவல்லி அவனிடம் மனதைக் கொடுத்து, மாட்டிக்கொண்டவனைக் காப்பாற்றி, கல்யாணமும் செய்துகொள்கிறாள். பிறகு அவள் இடைஞ்சலாகத் தெரிந்ததும், மலை உச்சிக்குக் கூட்டிப்போய்த் தள்ளிவிடப் பார்க்கிறான்.

கூட்டிப்போகிற அந்த வழியில்தான் ‘வாராய் நீ வாராய்’. ஜி. ராமநாதன் இசை, திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடியது. படத்தின் நாயகன் எம்.ஜி.ஆர்., ஆனால் எழுபது வருஷம் தாண்டியும் ஊர் முணுமுணுக்கிற பாட்டு வில்லனுக்குப் போய்விட்டது! சரி, அது கிடக்கட்டும். பார்த்திபன் அவளிடம் என்ன சொல்கிறான் என்று கவனித்துக் கேளுங்கள். போகிற இடம் தூரமில்லை என்கிறான். உண்மை. மலை முடியில் முடிவே இல்லாத அமைதியைக் காண்பாய் என்கிறான். அதுவும் உண்மைதான், தள்ளிவிட்டால் அமைதிக்கு என்ன குறை? அவள் அதைக் காதலாகக் கேட்டுக்கொள்கிறாள். அவன் பாதிதான் சொல்கிறான், மீதியை அவளுடைய ஆசை நிரப்பிக்கொள்கிறது. குரலில் ஓர் அவசரமோ அதட்டலோ இல்லை. குழந்தைக்குச் சோறு ஊட்டக் கூப்பிடுகிற மாதிரி ஒரு ‘வாராய்’. பார்த்திபனாக நடித்த எஸ்.ஏ. நடராஜன் கண்ணை உருட்டிப் பல்லைக் கடித்திருந்தால் அமுதவல்லியாக வந்த மாதுரி தேவி நாலாவது அடியிலேயே திரும்பியிருப்பார்.

டிவியில் இந்தப் பாட்டு வந்தால் என் அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா, கொலுசுக்குச் சலங்கை மாட்டுகிற கையை நிறுத்திவிடும். எத்தனையோ முறை பார்த்த படம். ஆனாலும் “போவாதடி, போவாதடி” என்று வாய்க்குள்ளேயே சொல்லும். அதே அம்மாயிதான், எங்கள் தெருவுக்கு வாராவாரம் சீட்டுப்பணம் வாங்க வந்த ஒருவருக்கு மோர் கலக்கிக் கொடுத்தது. நல்ல மனுஷர் மாதிரிதான் இருந்தார். திண்ணையில் உட்கார்ந்து, மோரில் கறிவேப்பிலை வாசத்தைப் பாராட்டிவிட்டுத்தான் நோட்டையே திறப்பார். ஒரு தடவை அப்பா கொஞ்சம் சந்தேகமாகக் கேட்டதற்கு, “உங்க பணம் எங்கயும் போகலீங்க, எங்கிட்டத்தான் இருக்குது” என்றார். அதிலும் பொய் இல்லை பாருங்கள். கடைசி வரை அவரிடம்தான் இருந்தது.

இந்த மலை உச்சிக் கதைக்கு மூலம் குண்டலகேசி. ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்று, ஆனால் நம் கைக்கு வந்திருப்பவை 19 பாடல்கள்தான். கதையைப் பிற்கால உரையிலிருந்து தெரிந்துகொள்கிறோம். அதில் வணிகர் மகள் பத்திரை, கொலைக்களத்துக்கு இழுத்துப் போகிற கள்வனைப் பார்த்த மாத்திரத்தில் மனதை விடுகிறாள். திருடன் என்று தெரிந்தேதான். பிறகு ஒருநாள் விளையாட்டாக அதைச் சொல்லிக்காட்டப்போய், அவனுக்குக் கறுவிக்கொண்டு வருகிறது. அங்கே அவனை நகர்த்துவது வஞ்சம். படம்தான் அந்த வஞ்சத்துக்கு ஒரு தேன்குரலைக் கொடுத்தது. என்னைக் கேட்டால் படத்துக் கள்வன்தான் பயங்கரமானவன்.

இரண்டிலும் முடிவு ஒன்றே. சாவதற்கு முன் உங்களை மூன்று முறை வலம்வந்து கும்பிட்டுக்கொள்கிறேன் என்கிறாள். அவன் நிமிர்ந்து நிற்கிறான். சுற்றும்போது ஒரு கட்டத்தில் அவள் முதுகுப்பக்கம் போயாக வேண்டும் அல்லவா, அது அவன் புத்தியில் உறைக்கவே இல்லை. கும்பிடு வாங்குகிற சுகம். அவனுடைய வித்தை அத்தனையும் அந்த நிமிஷம் அவள் கைக்கு வந்துவிடுகிறது. அவனை நான் ரசித்தது போக, இங்கே விசிலடித்ததும் உண்டு.

அந்தக் காட்சியை ஏற்காட்டில்தான் எடுத்தார்கள் என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் அடித்துச் சொல்வார்கள். ஒருமுறை குடும்பத்தோடு இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி லேடீஸ் சீட்டுக்குப் போயிருந்தோம். இருட்டுகிற நேரம், கீழே சேலத்து விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின. தாத்தா கம்பி ஓரத்தில் நின்றுகொண்டு, “இங்க வா, நம்ம ஊரு தெரியுது பாரு” என்று கூப்பிட்டார். அம்மாயி சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

“எனக்கு இங்கிருந்தே நல்லாத் தெரியுதுங்க.”