ஜப்பானிய மொழியைப் பட்டப்படிப்பாக எடுக்கலாமா? – கேள்வி பதில்

டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் ஜப்பானிய மொழி பி.ஏ. ஹானர்ஸ், அங்கேயே எம்.ஏ. அதன் பிறகு ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளில் மொழிபெயர்ப்பாளர் வேலை. இதுதான் என் பின்னணி. வந்த கேள்விகளுக்கு வரிசையாகப் பதில் எழுதுகிறேன். அதற்கு முன் ஒன்று: ஜப்பானிய மொழியை ஆங்கில எழுத்தில் எழுதிப் படிக்காதீர்கள். அதற்கு இரண்டு ஒலியெழுத்து வரிசைகள்: ஹிரகானா 46 எழுத்து, கதகானா 46 எழுத்து. இரண்டு வாரத்தில் முடித்துவிடலாம்.

கேள்வி (மதுரை, ப்ளஸ் டூ மாணவி): அக்கா, எனக்கு ஜப்பானிய மொழி ஒரு எழுத்துகூடத் தெரியாது. பி.ஏ.வில் சேர முடியுமா? எங்கே படிக்கலாம்?

தாராளமாகச் சேரலாம். ஜே.என்.யூ. வகுப்பில் அன்று உட்கார்ந்த எங்களில் பெரும்பாலோருக்கு ஒன்றும் தெரியாது. ஹைதராபாதில் ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம் இருக்கிறது, இஃப்லூ என்பார்கள். 1958-ல் ஆங்கிலத்துக்கான மத்திய நிறுவனமாகத் தொடங்கி, 2007-ல் மத்தியப் பல்கலைக்கழகம் ஆனது. சாந்திநிகேதனில் விஸ்வபாரதியின் நிப்பான் பவன் இருக்கிறது. மத்தியப் பல்கலைக்கழகங்களில் பி.ஏ. சேர்க்கை 2022 முதல் பெரும்பாலும் க்யூட் நுழைவுத் தேர்வு வழியாகத்தான். தேர்வைத் தமிழிலும் எழுதலாம், ஆனால் எந்தெந்தப் பாடத்தை எழுத வேண்டும் என்பது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். அந்தந்த ஆண்டு அறிவிப்பை நீங்களே ஒருமுறை முழுசாகப் படித்துவிடுங்கள்.

கேள்வி (ஈரோடு): மூன்று வருடம் என்னதான் சொல்லித் தருவார்கள்? இன்ஸ்டிட்யூட்டில் ஒரு வருடத்தில் பேச வைத்துவிடுகிறார்களே?

எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பேசுவதற்கு மட்டும் என்றால் இன்ஸ்டிட்யூட் போதும். பட்டப்படிப்பு உங்களுக்குத் தருவது வாசிப்பு. முதல் ஆண்டு எழுத்து, அடிப்படை இலக்கணம், உரையாடல். இதுவரை இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். இரண்டாம் ஆண்டிலிருந்து பாதை பிரியும். ஜப்பான் வரலாறு வரும், செய்தித்தாள் கட்டுரை வரும், சிறுகதை வரும், மொழிபெயர்ப்பு வரும்.

ஒரு உதாரணம். தமிழில் ‘வந்தேன்’, ‘வந்தாய்’, ‘வந்தார்’ என்று விகுதியே ஆளைச் சொல்லிவிடும். ஜப்பானிய மொழியில் எல்லாவற்றுக்கும் ‘கிமாஷிதா’தான். எழுவாயையும் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். அப்படியானால் வந்தது யார்? முந்தைய வரியைப் பார்க்க வேண்டும். மரியாதை வினை போட்டிருக்கிறதா, பணிவு வினை போட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மரியாதை வினை என்றால் வந்தவர் மேலே இருப்பவர், பணிவு வினை என்றால் பேசுகிறவரோ அவர் பக்கத்து ஆளோ. மூன்றாம் ஆண்டில் ஒரு பக்கக் கதையை ஒரு வாரம் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வினைக்கும் பக்கத்தில் பென்சிலால் ‘இவள்’, ‘மாமியார்’, ‘இவள்’ என்று எழுதிக்கொண்டே போனோம். இரண்டு இடத்தில் வகுப்பே இரண்டாகப் பிரிந்து வாதாடியது. அந்தப் பயிற்சிதான் இன்று வரை எனக்குச் சோறு போடுகிறது.

அடுத்தது காஞ்ஜி, அதாவது சீனத்திலிருந்து வந்த, பொருளைக் குறிக்கும் எழுத்துகள். அன்றாடப் பயன்பாட்டுக்கு என்று ஜப்பான் அரசு வகுத்த பட்டியலில் 2,136 எழுத்துகள். அங்கே தொடக்கப்பள்ளிக் குழந்தைகள் ஆறு ஆண்டில் 1,026 படிக்கிறார்கள். எண்ணிக்கையைவிட உச்சரிப்புதான் பாடாய்ப் படுத்தும். வாழ்வு, பிறப்பு, பச்சை என்று பொருள் தரும் ஓர் எழுத்து இருக்கிறது. ஆசிரியர் என்ற ‘சென்செய்’யில் அது ‘செய்’. பிறந்தநாள் என்ற ‘தஞ்ஜோபி’யில் அதே எழுத்து ‘ஜோ’. பச்சை முட்டை என்றால் அதே எழுத்து ‘நாமா’. தனி எழுத்தாக மனப்பாடம் செய்தால் தேறாது, சொல்லோடு சொல்லாகப் படித்தால் ஒட்டும்.

கேள்வி (திருநெல்வேலி): எந்த மொழிக்கு ஸ்கோப் அதிகம்?

உங்களால் ஐந்து வருடம் அலுக்காமல் படிக்க முடிகிற மொழிக்கு. இதே கேள்வி ஏழு பேரிடமிருந்து வந்திருக்கிறது, எல்லோருக்கும் இதுவே பதில்.

கேள்வி (சென்னை): ப்ளஸ் டூவில் பிரெஞ்சு இரண்டாம் மொழி. 98 மார்க். பிரெஞ்சு பி.ஏ. எடுக்கலாமா?

பிரெஞ்சு என் துறை இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்திலும் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலும் பிரெஞ்சுத் துறை இருக்கிறது, அங்கே விசாரியுங்கள். மார்க்கை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரு பிரெஞ்சுச் செய்தியை அகராதி இல்லாமல் பத்து வரி படித்துப் பாருங்கள், உங்கள் நிலை உங்களுக்கே தெரிந்துவிடும்.

கேள்வி (கோவை): ஜப்பானிய மொழியே தமிழிலிருந்து பிறந்ததுதானே? நமக்கு ஏன் கஷ்டமாக இருக்கப் போகிறது?

சுலபம் என்பது உண்மை. பிறந்தது என்பது நிறுவப்படவில்லை.

எது சுலபம் என்று முதலில் சொல்கிறேன். ‘தாபெதே மிரு’ என்றால் ‘சாப்பிட்டுப் பார்’. தாபெதே ‘சாப்பிட்டு’, மிரு ‘பார்’. முயன்று பார்ப்பதைக் கண்ணால் பார்ப்பதாகச் சொல்லும் பழக்கம் அங்கும் அப்படியே இருக்கிறது. ‘ஷிதே ஒகு’ என்றால் ‘செய்து வை’. ‘வாசுரெதே ஷிமத்தா’ என்றால் ‘மறந்துவிட்டேன்’. ஆங்கிலம் வழியாகப் படிக்கும் வட இந்திய நண்பர்கள் இதற்குப் பக்கம் பக்கமாகக் குறிப்பு எழுதினார்கள். எனக்கு ஒரு வரி போதுமாக இருந்தது. குறில் நெடிலும் நமக்குக் காதில் விழும்: ‘ஒபசான்’ அத்தை, ‘ஒபாசான்’ பாட்டி.

கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. தண்ணீரின் ‘த’வும் தர்மத்தின் ‘த’வும் நமக்கு எழுத்தில் ஒன்றுதான், அங்கே இரண்டும் வேறு. ‘தைகாகு’வைத் தர்மத்தின் ‘த’வில் சொன்னால் பல்கலைக்கழகம். தண்ணீரின் ‘த’வில் சொன்னால் படிப்பைப் பாதியில் விட்டது என்று பொருள். நேர்முகத் தேர்வில் இதைத் தப்பாகச் சொன்ன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ‘கின்’ தங்கம், ‘கின்’ வெள்ளி. இரண்டையும் தமிழில் ஒரே மாதிரிதான் எழுத முடிகிறது. தங்கத்துக்குக் கல்லின் ‘க’, வெள்ளிக்குக் கங்கையில் வரும் முதல் ‘க’. தமிழ் எழுத்திலும் எழுதிப் படிக்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

கேள்வி (அதே கோவை நண்பர்): அப்படியானால் ஜப்பானிய மொழிக்குத் தமிழோடு உறவு உண்டு என்று சுசுமு ஓனோ சொன்னது பொய்யா? ஒரு ஜப்பானியரே சொன்னதை நீங்கள் மறுக்கிறீர்களே. தமிழைக் குறைத்துப் பேசுவது வருத்தமாக இருக்கிறது.

பொய் என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். ஓனோ பெரிய அறிஞர். பழைய ஜப்பானிய மொழியில் தோய்ந்தவர், கக்குஷுயின் பல்கலைக்கழகப் பேராசிரியர். தமிழோடு ஒப்பிடத் தொடங்கிய பிறகு தமிழறிஞர்கள் பொன். கோதண்டராமனோடும், யாழ்ப்பாணத்து சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் தம்பதியோடும் சேர்ந்து வருடக்கணக்கில் உழைத்தார். நம் பொங்கலையும் ஜப்பானில் ஜனவரி 15-ஐ ஒட்டி வரும் சிறு புத்தாண்டுச் சடங்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மனம் கசிவதைச் சொல்லும் ‘அவாரெ’வை நம் ‘அவல’த்தோடு சேர்த்தார். இதையெல்லாம் மதிப்போடு படிக்க வேண்டும். ஆனால் ஒப்பீட்டு மொழியியலார் பெரும்பாலோர் அவருடைய முடிவை ஏற்கவில்லை.

ஏன் என்று பாருங்கள். தமிழும் கன்னடமும் உறவு என்று எப்படித் தெரிகிறது? பால் – ஹாலு, பல் – ஹல்லு, பத்து – ஹத்து, புலி – ஹுலி. நம் சொல்முதல் ‘ப’ அங்கே ‘ஹ’. ஒரு சொல்லில் மட்டும் இல்லை, வரிசையாக வருகிறது. இந்த ஒழுங்குதான் சாட்சி. தமிழ்–ஜப்பானிய ஒப்பீட்டில் சொற்கள் நிறைய வருகின்றன, இந்தக் கறாரான ஒழுங்கு கிடைக்கவில்லை என்பதுதான் எதிர்ப்பு.

கேள்வி (யாழ்ப்பாணம்): சொற்களை விடுங்கள் அக்கா. வசன அமைப்பு அச்சு அசலாக ஒத்துப் போகுதே, அது தற்செயலா?

கொரியத்திலும் வினை கடைசியில்தான் வரும். மங்கோலியத்திலும் துருக்கியிலும் அப்படித்தான். வினை கடைசியில் வரும் மொழிகளில் வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் வருவதும், எச்சம் முன்னால் வருவதும் சேர்ந்தே வரும் போக்கு உண்டு. உறவு இல்லாமலே இது நடக்கும்.

ஜப்பானிய மொழிக்கு ஐயமில்லாத உறவு ஒன்று இருக்கிறது. ஒகினாவா பக்கத்து ரியுக்யுத் தீவு மொழிகள். ஜப்பானியத்தில் பூ ‘ஹனா’. தெற்கே மியாகோ தீவில் ‘பனா’. பழைய ‘ப’ தீவில் தங்கிவிட்டது, தலைநிலத்தில் ‘ஹ’ ஆகிவிட்டது. தமிழுக்கும் கன்னடத்துக்கும் நடுவே நடந்த அதே மாற்றம் உலகின் இன்னொரு மூலையில் தனியாக நடந்திருக்கிறது! முதன்முதலில் இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு மொழிப் பட்டம் இப்படிப்பட்ட இடங்களுக்குக் கூட்டிப் போகும். கோவை நண்பரே, உங்களுக்கு இதில் இவ்வளவு ஆர்வம் இருந்தால் நீங்கள் மொழியியலே படிக்கலாம், மனதாரச் சொல்கிறேன்.

இந்த விவாதத்துக்கு இன்னும் பதினோரு கேள்வி வந்திருக்கிறது. தமிழ் மூத்ததா இளையதா என்று நான் எங்கும் பேசவில்லை. படிப்பு பற்றிக் கேட்டவர்கள் காத்திருக்கிறார்கள், அவர்களிடம் போகிறேன்.

கேள்வி (சேலம்): ஏ.ஐ. எல்லாவற்றையும் மொழிபெயர்க்கிறதே. இந்தப் படிப்புக்கு எதிர்காலம் உண்டா?

சாதாரணக் கடிதத்தை இயந்திரம் நன்றாகவே செய்கிறது. அந்த வேலையை மட்டும் நம்பி இந்தப் படிப்புக்கு வராதீர்கள்.

ஆனால் ‘வந்தது யார்’ என்று மேலே எழுதினேனே, அங்கேதான் அது சறுக்குகிறது. ஒரு தொழிற்சாலையில் பழுது அறிக்கை வந்தது. ‘பின்’ என்ற உதிரிபாகம் மாற்றப்பட்டது என்று பொருள்படும் வரி, மாற்றியது யார் என்று கிடையாது. இயந்திரம் ‘நாங்கள் மாற்றினோம்’ என்று போட்டுவிட்டது. எழுதிய பொறியாளர் சொல்ல வந்தது இங்குள்ள ஆட்கள் ஏற்கெனவே மாற்றியிருந்தார்கள் என்பதை. பணம் யார் தருவது என்று மூன்று நாள் சண்டை. கூட்டங்களில் இன்னொன்று: ‘கென்தோ ஷிமசு’, அதாவது ‘பரிசீலிக்கிறோம்’. நம்மவர்கள் ஆர்டர் கிடைத்தது என்று சந்தோஷமாக எழுந்து போவார்கள். பல நேரம் அது மென்மையான ‘வேண்டாம்’. சொன்னவர் முகத்தைப் பார்த்து, அடுத்த கேள்வியை எப்படிப் போடுவது என்று நம்மவருக்குச் சொல்ல அந்த அறையில் ஆள் வேண்டும்.

கேள்வி (ஒசூர், 34 வயது, ஐ.டி.): நான் மறுபடி பி.ஏ. சேரலாமா?

வேண்டாம் சார். மாலை வகுப்பில் சேர்ந்து ஜே.எல்.பி.டி. என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வை எழுதுங்கள். ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கும், சென்னையிலேயே மையம் உண்டு. என்5-ல் தொடங்கி என்1 வரை ஐந்து நிலை. அந்தத் தேர்வில் பேச்சும் எழுத்தும் கிடையாது, அதனால் பேசும் பயிற்சியைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பி.ஏ. மாணவர்களுக்கும் இதையே சொல்கிறேன்: கம்பெனிக்காரர்கள் பட்டத்தோடு இந்தச் சான்றிதழையும் கேட்பார்கள். மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் என்3, முடிந்தால் என்2.

கேள்வி (விழுப்புரம்): என்5 முடித்தால் மாதம் ஒன்றரை லட்சம் சம்பளம், இரண்டு லட்சம் முன்பணம் கட்டு என்கிறார் ஒருவர்.

கட்டாதீர்கள். என்5 என்பது தொடக்க நிலை. 2019-ல் ஜப்பான் கொண்டுவந்த குறிப்பிட்ட திறனாளர் விசாவுக்கே பொதுவாக என்4 அளவு மொழியும் தனியாகத் திறன் தேர்வும் வேண்டும். தயவுசெய்து கட்டாதீர்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): அனிமே பார்த்தே நன்றாகப் பேசுகிறேன்.

காது பழகியிருக்கும், நல்லது. ஆனால் அதில் ‘நான்’, ‘நீ’ என்பதற்கு வரும் ‘ஒரெ’, ‘ஒமாயெ’ எல்லாம் பேராசிரியரிடம் ‘டேய்’ போட்டுப் பேசுவது மாதிரி. ஹிரகானா தெரியுமா?

கேள்வி (கடலூர்): ஆங்கில எழுத்தில் அச்சிட்ட புத்தகம் ஒன்று வாங்கினேன், அதில் ஆரம்பிக்கலாமா?

முதல் பத்தியிலேயே எழுதிவிட்டேன். கூடாது.

கேள்வி (திருச்சி): ஸ்காலர்ஷிப்பில் ஜப்பான் போக முடியுமா?

மொழிப் பட்டம் படிப்பவர்களுக்கென்றே ஜப்பான் அரசின் உதவித்தொகை ஒன்று உண்டு, ஜப்பானியவியல் மாணவர் திட்டம். பி.ஏ. படித்துக்கொண்டிருக்கும்போதே ஏறக்குறைய ஓர் ஆண்டு அங்கே பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டுத் திரும்பலாம். தூதரகம் வழியாகத் தேர்வு நடக்கும். இரண்டாம் ஆண்டிலிருந்தே அறிவிப்பைக் கவனியுங்கள். இன்ஸ்டிட்யூட் மாணவர்களுக்கு இந்தக் கதவு கிடையாது.

கேள்வி (நாமக்கல்லிலிருந்து ஓர் அம்மா): மகள் டெல்லி போய்ப் படிக்கிறேன் என்று அடம்பிடிக்கிறாள். இந்தி தெரியாது. அனுப்பலாமா? வேலை கிடைக்குமா?

அம்மா, நான் போனபோது எனக்கும் இந்தி தெரியாது. வகுப்பு முதலில் ஆங்கிலத்தில், பிறகு மெல்ல ஜப்பானிய மொழியிலேயே நடக்கும். இந்தி கேண்டீனிலும் ஆட்டோவிலும் தானாக வந்துவிடும். முதல் செமஸ்டர் அழுகை இருக்கும், தினமும் போன் பண்ணுங்கள். வேலை நிச்சயம் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. நன்றாகப் படித்த பிள்ளைகள் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

மகளிடம் ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கிக் கொடுங்கள். இந்த இரண்டு வாரம் ஹிரகானா 46-ஐயும் எழுதட்டும். பதினைந்தாம் நாள் எதையும் பார்க்காமல் எழுதிப் படம் எடுத்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், திருத்தித் தருகிறேன். அதற்குப் பிறகும் அவளுக்கு ஆசை இருந்தால் அனுப்புங்கள்.