பந்தலா, அகத்தியா?

அன்புள்ள ஐயா,

ஆன்டிபாடி தயாரிக்கும் வெள்ளணுக்களான பி செல்கள் பற்றிய உங்கள் கட்டுரையைப் பன்னிரண்டாம் வகுப்பில் வாசித்துக் காட்டினேன். "எலும்பு மஜ்ஜையில் பி செல்லைத் தாங்கி நிற்கும் ஸ்ட்ரோமா செல்கள் பந்தல் மாதிரிதானே? தேவையான புரதத்தை ஆய்வகத் தட்டில் ஊற்றினால் பி செல் தானே வளர்ந்துவிடாதா?" என்று ஒரு மாணவி கேட்டாள். என்ன சொல்ல?

விலங்கியல் ஆசிரியை, சோழவந்தான்

அன்புள்ள ஆசிரியைக்கு,

சோழவந்தானில் இருந்துகொண்டு பந்தல் எதற்கு? வெற்றிலைக் கொடிக்காலுக்குக் கூட்டிப் போங்கள். அகத்தி கொடியைத் தாங்குகிறது, நிழலும் தருகிறது. நிழல் மிஞ்சினால் கிளையைக் கழிக்கிறார்கள். ஸ்ட்ரோமா செல் அந்த அகத்திதான்.

அது சுரக்கும் சிஎக்ஸ்சிஎல்12 என்ற புரதம், இளம் பி செல்லை அருகில் இழுத்து வைக்கிறது. இன்னொரு புரதமான இன்டர்லூக்கின்-7, "பிழைத்திரு, பெருகு" என்கிறது. சிக்கல் இந்த இரண்டாவதில். ஆன்டிபாடியின் பெரிய பகுதியான கனச் சங்கிலி சரியாக அமைந்ததும் செல் சில முறை பெருகுகிறது. பிறகு நின்று, சிறிய பகுதியான இலகுச் சங்கிலிக்காக மரபணுவை வெட்டி ஒட்ட வேண்டும். பெருகும்போதே டிஎன்ஏவை வெட்டுவது ஆபத்து. இன்டர்லூக்கின்-7 ஓங்கியிருக்கும்வரை இலகுச் சங்கிலி வேலை அடங்கியே இருக்கும். கனச் சங்கிலியைத் தாங்கி இளம் செல்லின் மேற்பரப்பில் அமரும் முன்-பி ஏற்பியின் சைகைதான் செல்லை அந்தப் பிடியிலிருந்து விலக்குகிறது. நிழல் கழிப்பது இங்கேதான்.

எனவே மாணவி பாதி சரி. எலியின் இளம் பி செல்கள் இன்டர்லூக்கின்-7 மட்டும் உள்ள தட்டிலும் பெருகும். ஆனால் முதிராது; அதை நீக்கினால்தான் இலகுச் சங்கிலிக்கு நகரும். ஊற்றத் தெரிந்தால் போதாது, நிறுத்தவும் தெரிய வேண்டும்.

ஸ்ட்ரோமாவின் குணம் சூழலுக்கேற்ப மாறும். டெக்ஸ்டர் முறையில் (1977) எலி மஜ்ஜையைக் குதிரை சீரம், ஹைட்ரோகார்ட்டிசோனுடன் 33 டிகிரியில் வளர்த்தால் கிரானுலோசைட்கள் என்ற வேறு வகை வெள்ளணுக்கள் கிடைக்கும். விட்லாக்-விட்டே முறையில் (1982) ஹைட்ரோகார்ட்டிசோன் போன்ற ஸ்டீராய்டு கிடையாது. 37 டிகிரி, 5% கன்றுக்கரு சீரம், 50 மைக்ரோமோலார் மெர்காப்டோஎத்தனால். அதே மஜ்ஜை பி செல்களைத் தரும். இதில் வழக்கமாகக் கெடுவது சீரம். ஒரு தொகுதியில் வருவது இன்னொன்றில் வராது, அதனால் முன்கூட்டியே சோதித்து வாங்குகிறார்கள். தொடக்க வாரங்களில் பெரும்பாலான செல்கள் சாகும். அதைப் பார்த்துப் பதறிக் குடுவையைக் கொட்டிவிடக் கூடாது.

எலிக் கணக்கை மனிதருக்கு அப்படியே போடவும் வேண்டாம். இன்டர்லூக்கின்-7 ஏற்பி பழுதான குழந்தைகளுக்கு இன்னொரு வகை வெள்ளணுவான டி செல்தான் இல்லாமல் போகிறது. பி செல் இருக்கும்.

பி செல் என்ற கொடியே பழுதாவதும் உண்டு. 1952இல் புரூட்டன் என்ற மருத்துவர் விவரித்த, ஆண் குழந்தைகளுக்கு வரும் நோயில் ஸ்ட்ரோமா நன்றாகவே இருக்கும், முன்-பி ஏற்பியின் சைகையைக் கடத்தும் பிடிகே நொதிதான் பழுதாகியிருக்கும். அந்த ஆண் குழந்தைகளின் ரத்தத்தில் பி செல் அரிதாகவே தென்படும். தாயிடமிருந்து வந்த ஆன்டிபாடி ஆறு மாதத்தில் தீர்ந்ததும் சளி, காதில் சீழ், நிமோனியா எனத் தொடங்கும்.