ஊதுலையில் இருந்து இரும்பும் கசடும் வடிவது எப்படி? கேள்வி பதில்

எனக்கு ஊர் காட்பாடி. வேலை பார்த்தது வடக்கே ஒரு எஃகு ஆலையில், காஸ்ட் ஹவுஸில், அதாவது ஊதுலையைத் திறந்து இரும்பு வடிக்கும் இடத்தில். ஊதுலை என்றால் சூடான காற்றை ஊதி இரும்புத் தாதுவை உருக்கும் பெரிய உலை, கசடு (ஸ்லாக்) என்றால் தாதுவில் இருக்கும் கல், மண் மாதிரி வேண்டாதவை உருகி வரும் குழம்பு. வந்த கேள்விகளுக்கு வரிசையாகச் சொல்கிறேன்.

குடியாத்தம் டிப்ளமோ மாணவர்: இரும்பு, கசடு ரெண்டும் ஒரே துளையிலா வரும் சார்? அப்புறம் எப்படிப் பிரிப்பீர்கள்?

ஒரே துளைதான் தம்பி, பெரிய உலைகளில் இப்போது அப்படித்தான். ஒரு லிட்டர் இரும்பு 7 கிலோ அளவில் இருக்கும், கசடு 3 கிலோகூட வராது, அதனால் உள்ளேயே மேலே மிதக்கும். வெளியே நீளமான வாய்க்கால், அதன் கோடியில் ஸ்கிம்மர் என்று ஒரு தடுப்பு, அதற்கு அடியில் மட்டும் வழி. இரும்பு அடியில் நுழைந்து அந்தப் பக்கம் போய்விடும், கசடு தடுப்பில் முட்டிப் பக்கத்து வாய்க்காலுக்குத் திரும்பிவிடும்.

ராணிப்பேட்டை வெல்டர்: 1500 டிகிரியில் எந்த வால்வு தாங்கும்?

எதுவும் தாங்காது அண்ணே, அதனால் வால்வே கிடையாது. துளையைக் களிமண்ணால் அடைத்திருக்கும், டிரில் விட்டுத் திறப்போம். பெரிய உலையில் 3 மீட்டர் அளவுக்குத் துளைக்க வேண்டியிருக்கும். மூடும்போது மட் கன் என்ற இயந்திரம் தாரோ ரெசினோ சேர்த்துப் பிசைந்த மண்ணை உள்ளே அழுத்தித் தள்ளும். அந்த மண் உள்பக்கம் விரிந்து இறுகி உலைச் சுவருக்கும் காப்பாக நிற்கும். துளையின் நீளம் குறைந்துகொண்டே வந்தால்தான் எங்களுக்கு வயிற்றில் புளி கரைக்கும்.

ஆரணி டீச்சர்: துளையில் வாயு பீறிட்டால் மூடிவிடுவார்களாமே, அப்போது உலை காலியா?

இல்லை டீச்சர். இந்தக் கேள்விக்காகத்தான் உட்கார்ந்தேன் என்றே சொல்வேன். உலையின் அடி வெறும் தொட்டி இல்லை, கோக் கரித் துண்டுகள் நிரம்பிக் கிடக்கும், டெட்மேன் என்போம். திரவம் அந்த இடுக்குகள் வழியாகத்தான் துளைக்கு வந்து சேர வேண்டும். பாலாற்று மணலில் ஊற்று தோண்டி வேகமாக இறைத்துப் பாருங்கள், குழியை ஒட்டி மட்டம் சரியும், நாலடி தள்ளி தண்ணீர் அப்படியே நிற்கும். கசடு இரும்பைவிடப் பல பத்து மடங்கு பிசுபிசுப்பானது, கோக்குக்குள் மெதுவாகத்தான் நகரும். அதனால் துளைக்கு நேர் மேலே கசடு மட்டம் இறங்கிப் போய், மேலே அழுத்தத்தோடு இருக்கிற வாயுவுக்கு வழி கிடைத்துவிடுகிறது. அப்போதும் எதிர்ப்பக்கம் கசடு நிறையவே மிச்சம் இருக்கும். இரும்பு சுலபமாக ஓடும், அழுத்த வித்தியாசத்தால் துளை மட்டத்துக்குக் கீழே கிடப்பதும்கூட மேலேறி வெளியே வரும்! வடிதல் கெட்டால் டிரில்லையும் மண்ணையும் குறை சொல்வார்கள், நான் முதலில் கோக்கைத்தான் பார்ப்பேன். அது நொறுங்கித் தூளாகி இடுக்கை அடைத்தால் எந்த மண்ணும் உதவாது.

வாலாஜா வாசகர்: வடியாமல் உள்ளேயே தங்கினால்?

மட்டம் ஏறும், காற்றழுத்தம் கூடும், மேலிருந்து போடும் தாதுவும் கோக்கும் ஒழுங்காக இறங்காது. சூடான காற்று ஊதும் டியூயர்கள் செம்பால் ஆனவை, உள்ளே தண்ணீர் ஓடும். திரவம் அதுவரை ஏறினால் டியூயர் எரிந்து, தண்ணீர் உலைக்குள் கசியும் அபாயம். அதற்கு முன்னாலேயே காற்றைக் குறைத்துவிட வேண்டும்.

சத்துவாச்சாரியில் இருந்து ஒருவர்: கசடைக் கொட்டிவிடுவார்களா?

இல்லைங்க. வேகமான தண்ணீரில் அடித்துக் குருணையாக்கினால் ஸ்லாக் சிமெண்ட் செய்யப் போகும்.

மறுபடி குடியாத்தம் தம்பி: அப்ரெண்டிஸாகச் சேரப் போகிறேன், என்ன கவனிக்கணும்?

ஈரம். வாய்க்காலிலோ, உருகிய இரும்பைப் பிடிக்கும் லேடில் என்ற பெரிய பாத்திரத்திலோ ஈரம் இருந்து அதன்மேல் உருகிய இரும்பு போனால் நீராவி வெடிக்கும், ஆளைக் கொன்றுவிடும். மழை நாளில் கூரை ஒழுகுவதைப் பார்த்தால் புது ஆள்தானே என்று தயங்காதே, துளை திறப்பதற்கு முன்னால் ஃபோர்மேனிடம் போய்ச் சொல்லு.