விண்டோஸை அழிக்காமல் லினக்ஸ்

கேள்வி: விண்டோஸ் 11 ஹோம் பதிப்பும் 8 ஜிபி ராமும் உள்ள என் வீட்டு மடிக்கணினியில் லினக்ஸ் கற்க, எந்த மெய்நிகர் இயந்திர மென்பொருளை (விண்டோஸுக்குள்ளேயே இன்னொரு இயங்குதளத்தைத் தனிக் கணினிபோல் இயக்க உதவுவது) நிறுவலாம்?

பதில்: ஹோம் பதிப்பில் மைக்ரோசாஃப்ட்டின் சொந்த மெய்நிகர் இயந்திர மென்பொருளான ஹைப்பர்-வி அதிகாரபூர்வமாகக் கிடைப்பதில்லை என்பதால், ஆரக்கிளின் வெர்ச்சுவல்பாக்ஸையோ, 2024 நவம்பரில் அனைவருக்கும் இலவசமாக்கப்பட்ட விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் புரோவையோ தேர்ந்தெடுக்கலாம். புதிதாகக் கற்பவருக்கு நான் பரிந்துரைப்பது வெர்ச்சுவல்பாக்ஸையே. அதன் அடிப்படைத் தொகுப்பு திறமூல மென்பொருள் என்பதோடு, கணக்கு எதுவும் தொடங்காமல் நேரடியாகப் பதிவிறக்கிக்கொள்ளவும் முடியும்.

உண்மையில் உங்களுக்குத் தடையாக இருக்கப்போவது மென்பொருள் அன்று, நினைவகம்தான். மெய்நிகர் இயந்திரத்துக்கு 3 ஜிபிக்கு மேல் ஒதுக்கினால் விண்டோஸே திணறக்கூடும் என்பதால், எக்ஸ்எஃப்சிஇ என்ற எளிய திரைமுகப்புள்ள லினக்ஸ் மின்ட் போன்ற இலகுவான பதிப்பையே நிறுவுங்கள். கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய பயாஸ் அமைப்பில், மெய்நிகர் இயந்திரங்களை இயக்கச் செயலி தரும் இன்டெல் விடி-எக்ஸ் அல்லது ஏஎம்டி-வி வசதி இயக்கப்பட்டுள்ளதா என்பதை முதலில் பார்த்துவிடுங்கள்.