ஃபேஷன் மேடையும் நம் அலமாரியும்: கேள்வி பதில்

கல்லூரி மாணவி: பாரிஸ் மேடையில் காட்டும் உடைகளை யாருமே உடுத்துவதில்லையே, பிறகு எதற்கு அத்தனை செலவு?

பதில்: அங்கே நடப்பவை இருவகைக் காட்சிகள். ஜனவரியிலும் ஜூலையிலும் நடப்பது ‘ஓத் கூத்யூர்’. ஒருவரின் உடல் அளவுக்கென்றே, பெரும்பாலும் கையாலேயே தைக்கும் உடைகள் அவை. வாங்குபவர்கள் உலகம் முழுவதும் மிகச் சிலர்தான். அதில் கிடைக்கும் பெயரை வைத்து நிறுவனங்கள் வாசனைத் திரவியமும் கைப்பையும் விற்கின்றன. ரெடிமேட் உடைகளுக்குத் தனிக் காட்சிகள் உண்டு. கடைக்காரர்கள் பல மாதங்கள் முன்னதாகவே ஆர்டர் கொடுப்பது அவற்றுக்குத்தான்.

பள்ளி ஆசிரியை: மேடையிலிருந்து நம்மிடம் வந்தது என்று எதையாவது காட்ட முடியுமா?

பதில்: பெண்களின் கோட்டு சூட்டைச் சொல்வேன். பிரெஞ்சு வடிவமைப்பாளர் இவ் சான் லோரான் 1966இல் ஆண்களின் டக்சீடோவை, அதாவது மாலை விருந்துகளுக்கு அணியும் கோட்டு சூட்டை, பெண்களுக்காகத் தைத்தார். அவருடைய பணக்கார வாடிக்கையாளர்கள் அதைப் பெரிதாக வரவேற்கவில்லை. அதே ஆண்டு பாரிஸில் அவர் ‘ரீவ் கோஷ்’ என்ற ரெடிமேட் கடையைத் திறந்தார். இளம்பெண்கள் அதை அங்கே வாங்கினார்கள். அலுவலகங்களுக்கு அது பரவியது அந்த வழியில்தான். எதிர்த்திசைப் பயணமும் உண்டு. 1960இல், டியோர் என்ற பாரிஸ் ஃபேஷன் நிறுவனத்தில் இருந்தபோது, தெரு இளைஞர்களின் கறுப்புத் தோல் ஜாக்கெட்டை மேடையேற்றியவரும் இவர்தான். தெருவைக் கவனிக்காத வடிவமைப்பாளரை நான் நம்புவதில்லை.

வங்கி ஊழியர்: நமக்கு ஏற்ற உடையைத் தேர்ந்து சொல்லும் ஸ்டைலிஸ்டுக்குப் பணம் கொடுப்பது வீணா?

பதில்: அவருடைய வருமானம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் கேளுங்கள். பெரிய கடைகளில் இந்தச் சேவை பெரும்பாலும் இலவசம், ஏனென்றால் விற்பனையே அவர்களின் லாபம். தனியாகத் தொழில் செய்பவர் உங்களிடம் கட்டணம் வாங்குவார். எதையும் வாங்க வைக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. ஆனாலும் ஆளைப் பொறுத்ததுதான். நியூயார்க்கின் பெர்க்டார்ஃப் குட்மன் கடையில் பல பத்தாண்டுகள் பணியாற்றிய பெட்டி ஹால்பிரைக், பொருந்தாத உடையைப் பொருந்தவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிப் பெயர் பெற்றவர். உங்கள் அலமாரியைப் பார்க்காமலே கடைக்கு அழைக்கும் ஸ்டைலிஸ்ட் வேண்டாம்.

இல்லத்தரசி: இந்த ஆண்டின் ஃபேஷன் நிறம் என்று சொல்லப்படும் நிறத்தில் உடை வாங்கலாமா?

பதில்: பகல் வெளிச்சத்தில் முகத்தருகே வைத்துப் பாருங்கள். முகம் சோர்ந்து தெரிந்தால் விட்டுவிடுங்கள்.

மென்பொறியாளர்: மேடையில் பிடித்த ஒன்றை எப்படிப் பின்பற்றுவது?

பதில்: அளவு விகிதத்தை மட்டும் எடுங்கள். டியோர் 1947இல் காட்டியது ஒடுங்கிய இடையும் விரிந்த பாவாடையும். அதே விகிதம், இடை பிடித்துத் தைத்த சாதாரணப் பருத்திக் குர்த்தியிலும் வரும். இடையையும் நீளத்தையும் தையற்காரர் எளிதாகத் திருத்துவார். தோள்பட்டையைத் திருத்துவது கடினம், ஆகவே வாங்கும்போதே தோள் சரியாக உட்காருகிறதா என்று பாருங்கள்.