மூன்று தலைமுறை மிஷனரிக் குடும்பம்

கேள்வி: வேலூர் சி.எம்.சி.யைத் தொடங்கிய ஐடா ஸ்கடர்தான் அந்தக் குடும்பத்திலிருந்து இங்கே வந்த முதல் மிஷனரியா?
(ஒரு வாசகி, ஆம்பூர்)

பதில்: இல்லைங்க, கதை அவருடைய தாத்தாவிடம் தொடங்குகிறது. டாக்டர் ஜான் ஸ்கடர் 1819ல் நியூயார்க்கில் நன்றாக நடந்துகொண்டிருந்த வைத்தியத் தொழிலை விட்டுவிட்டு மனைவி ஹாரியட்டோடு கப்பலேறி, யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் பல வருடம் வைத்தியம் பார்த்து, அப்புறம் சென்னைக்கு வந்தார். பிள்ளைகளில் பலரும் அதே பாதையில் போனார்கள். அதில் ஒருவரின் மகள்தான் 1870ல் ராணிப்பேட்டையில் பிறந்த ஐடா.

ஆனால் ஐடாவுக்கு மிஷனரி வாழ்க்கையே பிடிக்கவில்லை. நோயுற்ற அம்மாவைப் பார்த்துக்கொள்ளத்தான் திண்டிவனம் வந்தார். ஒரே ராத்திரியில் மூன்று கணவர்கள், ஒருவர் பின் ஒருவராகக் கதவைத் தட்டி, பிரசவ வேதனையில் கிடக்கும் மனைவியைக் காப்பாற்றச் சொல்லிக் கூப்பிட்டார்கள். டாக்டரான அப்பா வரத் தயார், ஆனால் ஆண் வைத்தியர் வேண்டாம் என்று மூவருமே திரும்பிப் போனார்கள். விடிந்தபோது சாவுமேளம் கேட்டது. மூன்று பெண்களுமே இறந்துபோயிருந்தார்கள்.

அந்த மேளச் சத்தம்தான் ஐடாவை மாற்றியது என்று நான் நம்புகிறேன். அமெரிக்கா போய்ப் படித்து, 1900ல் டாக்டராகத் திரும்பி வந்து, வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு வைத்தியம் ஆரம்பித்தார். 1918ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் வந்துவிட்டது.