நிற்கும் ரவுட்டரா, படுக்கை ரவுட்டரா: சிறு தச்சுப் பட்டறைக்கான கேள்வி பதில்

கேள்வி: ஐயா, என் பட்டறை 20 அடிக்கு 15 அடி. சமையலறை அலமாரிகள் செய்கிறேன். சிஎன்சி ரவுட்டர் (கணினி வழிநடத்த, சுழலும் பிட் என்ற வெட்டுமுனையால் பலகையை வெட்டும் இயந்திரம்) வாங்க எண்ணுகிறேன். ஷீட்டைக் கிடத்தி வெட்டும் படுக்கை வகைக்குப் பதிலாக, செங்குத்தாக நிறுத்தி வெட்டும் நிற்கும் வகையை வாங்கினால் இடம் மிச்சமாகும் என்பது உண்மையா?

பதில்: உண்மைதான், ஆனால் சொல்லப்படும் அளவுக்கு இல்லை. 8 அடிக்கு 4 அடி ஷீட்டை வெட்டும் படுக்கை இயந்திரம் ஏறக்குறைய 10 அடிக்கு 7 அடி தரையைப் பிடிக்கும். சுற்றிலும் ஆள் நடக்க இரண்டரை அடி விட்டால் 15க்கு 12 ஆகி, உங்கள் பட்டறையில் பாதிக்கு மேல் அதற்கே போய்விடும். நிற்கும் இயந்திரம் சுவரோரமாக நாலைந்து அடி ஆழத்தில் அடங்கிவிடும் என்றாலும், எட்டடி ஷீட்டைக் கொண்டுவந்து திருப்பி நிறுத்த அதன் முன்னால் வெற்றிடம் வேண்டும். இயந்திரம் ஓடாத வேளையில் அதே இடத்தில் அலமாரிகளை இணைத்துப் பொருத்தலாம் என்பதுதான் மெய்யான லாபம். வாங்குமுன் தரையில் சாக்பீஸால் இரண்டையும் வரைந்து, ஒரு ஷீட்டைத் தூக்கிக்கொண்டு நடந்து பாருங்கள்.

கேள்வி: வெட்டின் தரத்தில் வேறுபாடு உண்டா?

பதில்: இடத்தைவிட இந்தக் கேள்விக்கே நான் அதிக மதிப்புக் கொடுப்பேன், ஏனெனில் ஷீட்டும் வெட்டிய துண்டும் அசையாமல் இருப்பதில்தான் தரம் இருக்கிறது. 18 மி.மீ. எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) ஷீட் சுமார் 40 கிலோ இருக்கும். படுக்கையில் அந்த எடை ஷீட்டை அழுத்திப் பிடிக்க உதவுகிறது. நிற்கும் இயந்திரத்திலோ அதே எடை, கடைசி வெட்டில் விடுபடும் துண்டைக் கீழே சரித்து, சுழலும் பிட்டின்மேல் சாய்த்துவிடுகிறது. இதைத் தடுக்க, துண்டுகளுக்கு இடையே வெட்டாத சிறு பாலங்களை விட்டோ, அடியில் அரை மி.மீ. மெல்லிய தோலை வெட்டாமல் விட்டோ வெட்டி, பிறகு டிரிம்மரால் (கையில் பிடிக்கும் சிறு ரவுட்டர்) சீர்செய்ய வேண்டும். அலமாரியின் பக்கப் பலகைகள், பெரிய கதவுகள் என்று ஒரு ஷீட்டில் ஐந்தாறு துண்டுகள் மட்டும் எடுப்பவருக்கு இது பெரிய வேலையன்று. ஆனால் டிராயர் பாகங்களாக நாற்பது துண்டுகள் எடுப்பவர், துண்டுக்கு நான்கு பாலம் என்று வைத்தாலும், 160 இடங்களைக் கையால் சீர்செய்ய வேண்டிவரும். வேக்யூம் (ஷீட்டைக் காற்றுறிஞ்சிப் பிடிக்கும் வசதி) உள்ள படுக்கையிலும் உள்ளங்கை அளவுத் துண்டுகள் நகரக்கூடும்; இருந்தாலும் சிறு துண்டுகள் அதிகம் வெட்டுவோருக்குப் படுக்கையே ஏற்றது.

கேள்வி: நான் தனியாள். ஷீட்டை ஏற்ற எது எளிது?

பதில்: நிற்கும் இயந்திரம். ஷீட்டை இடுப்புயரத்துக்குத் தூக்க வேண்டியதில்லை. கீழ்த்தாங்கியில் நிறுத்திச் சாய்த்தால் போதும். முதுகுவலி உள்ளவருக்கு இந்த ஒரு காரணமே போதுமானது.

கேள்வி: சிங்கிள் பேஸ் மின்சாரத்தில் படுக்கை இயந்திரத்தை ஓட்டலாமா?

பதில்: 2.2 கிலோவாட் ஸ்பிண்டிலை (பிட்டைச் சுழற்றும் மோட்டார்) ஓட்டலாம். ஆனால் பெரிய வேக்யூம் படுக்கைக்கான பம்ப் மட்டுமே 5.5 முதல் 7.5 கிலோவாட் வரை இழுக்கும். அதற்குத் த்ரீ பேஸ் தேவை. ஸ்பிண்டிலைவிடப் பம்புக்கே அதிக மின்சாரம் போகும் என்பதைப் பலர் இயந்திரம் வந்து இறங்கிய பிறகுதான் உணர்கிறார்கள். கிளாம்ப் வைத்துப் பிடித்தால் பம்ப் வேண்டாம், ஆனால் பிட் கிளாம்பில் மோதாதபடி ஒவ்வொரு முறையும் பாதையைச் சரிபார்க்க வேண்டும்.

கேள்வி: மின்சாரம் திடீரென்று போனால் நிற்கும் இயந்திரத்தின் தலை (ஸ்பிண்டிலைத் தாங்கி மேலும் கீழும் நகரும் பகுதி) கீழே விழுமா?

பதில்: பிரேக் உள்ள மோட்டாரோ எதிர் எடையோ இல்லையென்றால் இறங்கிவிடும், தலையை நகர்த்தும் ரேக்-பினியன் (பல்சட்டமும் பற்சக்கரமும்) அமைப்பு தானாகப் பூட்டிக்கொள்ளாது. வாங்குமுன் ஸ்பிண்டில் சுழற்சியை நிறுத்தி, தலையை மேலே கொண்டுபோய் நிறுத்தி, மெயின் சுவிட்சை அணைத்துக் காட்டும்படி கேளுங்கள். அப்போது தலையின் கீழே எவரும் நிற்க வேண்டாம். காட்டத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள்.

கேள்வி: தேக்குக் கதவில் பூவேலை செய்ய எது?

பதில்: படுக்கைதான். திடமரம் சற்றே வளைந்திருக்கும். செதுக்கலின் ஆழம் எங்கும் ஒன்றாக இருக்க வேண்டுமானால், மரத்தை அடியில் ஆப்பு வைத்துச் சமன்செய்து பிடிக்கும் வசதி வேண்டும், அது கிடைமட்டத்தில்தான் எளிது.

கேள்வி: தூசித் தொல்லை எதில் குறைவு?

பதில்: நிற்கும் இயந்திரத்தில் தூள் தானாகக் கீழே விழுவதால் வெட்டுத்தடம் தெளிவாக இருக்கும். ஆனால் அது கீழ்த்தாங்கியில் தேங்கும். அடுத்த ஷீட்டின் ஒரு முனை அதன்மேல் 1 மி.மீ. ஏறி நின்றாலும், வெட்டும் துண்டுகள் ஷீட்டின் விளிம்புக்கு இணையாக அமையாது. தூசி உறிஞ்சும் கருவி எவ்வளவு வலிமையானதாக இருந்தாலும், ஒவ்வொரு ஷீட்டுக்கு முன்னும் தாங்கியை பிரஷ்ஷால் துடையுங்கள்.